சூடான கூரைக்கு மேலே சனி

ஸ்டான்தோர்ப்
ஜூன் 18

அன்புள்ள டெஸ்ஸுக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை பெவ்வும் நலமென்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் பாதி உன் காதில் விழுவதில்லை. மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து பெவ் கேட்டுவிடுகிறாள். அதனால்தான் கடிதம். இதை அவளிடம் காட்டாதே. காட்டினாலும் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

முதலில் நல்ல செய்தி. உறைக்குள் இருக்கும் வியாழனைப் பார். பின்தோட்டத்தில் நின்று இத்தனை வருஷமாக எடுத்த படங்களில் இதற்கு நிகர் கிடையாது. பட்டைகளின் ஓரத்தில் மேகம் சுருள்சுருளாகத் தெரிகிறதா? சிவப்புப் பொட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்புகூட விழுந்திருக்கிறது. ஒரு வாரமாக இங்கே காற்றே இல்லை. கொடியில் மறந்து விட்ட துண்டு காலையில் பலகை மாதிரி விறைத்துத் தொங்குகிறது. தொலைநோக்கியில் மாட்டிய வெப்கேம் எடுத்துத் தள்ளுகிற ஆயிரக்கணக்கான படங்களில் ஆடாமல் அசையாமல் வந்த கொஞ்சத்தைத்தான் லேப்டாப் பொறுக்கி எடுத்து ஒன்றாக அடுக்கும். அன்றைக்குப் பாதிக்கு மேல் தேறிவிட்டது. இணையக் குழுவில் போட்டேன். நியூசிலாந்துக்கார மர்டோ, யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனுஷன், "காத்தைக் கட்டிப் போட்டு வச்சிருக்கீங்களா, நோரீன்?" என்று கேட்டிருந்தார்.

காற்றைக் கட்டிப் போட்டது எப்படி என்று உனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில், ஜூன் பாதி தாண்டியும், நான் கணப்படுப்பைத் தொடவேயில்லை. வீடு சூடானால் கூரை சூடாகும். கோடையில் தார்ச்சாலைக்கு மேலே எல்லாம் நெளிந்து தெரியுமே, அந்த மாதிரி கூரைச் சூடு ஏறி கிரகத்தை நெளியவைக்கும். இதை நான் சொல்லும்போதெல்லாம் நீ, "தொலைநோக்கிக் கண்ணாடி குளுகுளுன்னு இருக்கணும்னு நான் விறைச்சுச் சாகணுமா?" என்பாய். நான் சிரிப்பேன். கம்பளிச் சட்டை இன்னொன்று போட்டுக்கொள் என்பேன்.

போன குளிர்காலத்தில் உனக்கு மார்ச்சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நான் வேலை பார்த்த அதே எக்ஸ்ரே அறைக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டு "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். ஆயுசு முழுக்க நான் சொன்ன வார்த்தை. உன்னால் பிடிக்க முடியவில்லை. இருமிவிட்டாய். படம் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள். அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இந்தக் குளிருக்கு நீ பெவ் வீட்டுக்குப் போய்விட்டதில் ஒரு தொல்லை இருக்கிறது. துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம், போதும், திரும்ப வா" என்று நான் கத்துவதும், தோட்டத்தில் தொலைநோக்கியின் குமிழை நீ மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் படத்தைக் கூர்மையாக்குவதும் போய்விட்டது. இப்போது நானே ஓடிப்போய்த் திருப்பி, நானே ஓடிவந்து பார்க்கிறேன். உனக்கு இருக்கிற கை எனக்கு இல்லை. ஆனால் ஒன்று, தொலைநோக்கிக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் மூச்சு விடாதே, ஆவி படத்தில் தெரிகிறது, தள்ளி நில் என்று கத்த வேண்டிய அவசியம் இல்லை.

பக்கத்து ஆப்பிள் தோட்டத்து ரோக்கோ தன் வீட்டம்மா செய்த சூப்பைக் கொண்டுவந்தான். உள்ளே வந்தவன் கோட்டைக் கழற்றவே இல்லை. "நோரீன், என் ஆப்பிள் குளிர்கிடங்கே இதவிட வெதுவெதுப்பா இருக்கு. ஒரு பெட்டியக் காலி பண்ணித் தரேன், வந்து படுத்துக்க" என்றான். "உன் புருஷன் எப்ப வர்றான்?" என்று கேட்டான். வசந்தத்தில் என்றேன்.

பெவ் வீட்டுக்கு எதிரே ஒரு சிறு வீடு வாடகைக்கு வருகிறது, ஜூலை நடுவில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். பண்டபெர்க் கடற்காற்று மார்புக்கு நல்லதுதான். என்னைக் கூப்பிட்டு நீ ஒரு வரி எழுதவில்லை. வானம் சரியாகத் தெரியாத அந்த ஈரக்காற்றிலும் தெருவிளக்கிலும் எனக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பாய். உன் மார்பு, உன் முடிவு.

இப்படிக்கு,
நோரீன்

பி.கு. நேற்று சமையலறையில் நீ செருமியது போலிருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜ்தான்.


ஸ்டான்தோர்ப்
ஜூலை 6

அன்புள்ள டெஸ்,

உன் கடிதம் கிடைத்தது. வியாழன் படத்தை பெவ் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள் என்பதில் சந்தோஷம். வீட்டைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை வானம் மறுபடி அப்படியே அமைந்தது. சனியின் வளையத்தில் இருக்கும் கறுப்பு இடைவெளி, நீ எப்போதும் "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்பாயே, அது ஒரு சுற்று முழுக்கத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "டெஸ், வந்துடுச்சு, கைய எடு!" என்று கத்திவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து நாய்தான் குரைத்தது. லேப்டாப்பை மூடி வைத்தேன். அந்தப் படத்தை இன்னும் அடுக்கிப் பார்க்கவில்லை. தனியாக இருப்பது எனக்கு ஒத்துவரும் என்று நினைத்திருந்தேன். ஒத்துவரவில்லை.

மறுநாள் ரோக்கோவிடம் விறகு கேட்டேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சலா என்று. பிடுங்கிப்போட்ட ஆப்பிள் மரங்களை டிரெய்லர் நிறையக் கொண்டுவந்து இறக்கினான். "டெஸ்ஸு வர்றானா?" என்றான். தெரியாது என்றேன். "தெரியாமலே இவ்வளவா?" என்று கேட்டுவிட்டு, விறகை அடுக்கிக் கொடுத்தான்.

புகைபோக்கியில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. வீடெல்லாம் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, உன்னையும் என்னையும் ரோக்கோவையும் திட்டித் தீர்த்தேன். அவன் கூரையேறிக் கம்பு விட்டுக் குத்திய பிறகு பிடித்துக்கொண்டது பார், நல்ல தீ. ஆப்பிள் கட்டை எரியும்போது வருகிற வாசனையை மறந்தே போயிருந்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

பழக்கதோஷம், இருட்டியதும் வெளியே போய் சனியைத் திருப்பிப் பிடித்தேன். அது நம் கூரைக்கு நேர் மேலே நின்றது. திரையில் பார்த்தால் கொதிக்கிற பாலில் போட்ட முட்டை மாதிரி தத்தளிக்கிறது. வளையம் எது, உடம்பு எது என்று தெரியவில்லை. இருந்தாலும் எடுத்தேன். ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. லேப்டாப் கழித்துப் போட்டதில் ஒன்றை எடுத்து அச்சிட்டு, அதையே குழுவிலும் போட்டேன். ஆளாளுக்குக் கேலி. குமிழைச் சரியாகத் திருப்பவில்லை என்றார்கள், கண்ணாடியைத் துடை என்றார்கள். மர்டோ மட்டும், "அதெல்லாம் இல்ல. உங்க வீட்டுல யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்க, நோரீன்" என்று எழுதினார். நான்தான் என்று பதில் போட்டேன்.

அந்தப் படம்தான் இந்த உறைக்குள் இருக்கிறது. பெவ்விடம் காட்டினால் எடுக்கத் தெரியாமல் எடுத்தது என்பாள். உனக்குப் பார்க்கத் தெரியும். நன்றாகப் பார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல். அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. விறகு ஆகஸ்ட் வரை தாங்கும், அதற்கு மேலும் ரோக்கோ தருவான். நான் இனி படமெடுக்காமல் இருக்கப் போவதில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவளில்லை. நெளிந்தால் நெளியட்டும், அதை எடுத்துக்கொள்கிறேன்.

உன் மார்பு சீக்கிரம் தெளியட்டும். வா, டெஸ். குமிழைத் திருப்ப எனக்கு உன் கை வேண்டும். குழாய்க்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்றுகொள். நின்று, தாராளமாக மூச்சு விடு.

உன்,
நோரீன்