பன்னிரண்டாவது கடிதம்

ஜனவரி 12, திங்கள்

துணைவேந்தரின் பதவிக்காலம் இன்றோடு முடிந்தது. மாலை, வடை, பிளேன்ரீ, நீண்ட நீண்ட பேச்சுகள். எங்கள் பரீட்சைக் கிளையின் பிரதிப் பதிவாளர் பரமலிங்கம் சேர் கண் கலங்கினார். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. என் நினைவெல்லாம் மேசையில் கிடந்த மாணவி சிவரூபியின் கடிதத்தில்தான். அதன் தலையில் சிவப்பு மையில் ‘ஏற்க முடியாது’ என்று எழுதியிருக்கிறது.

மார்கழி வெள்ளத்தில் பன்னிரண்டு பேர் புள்ளிவிபரவியல் பரீட்சைக்கு வரவில்லை. எங்கள் விதியில் நோய்க்கு மட்டும்தான் இரக்கம். மெடிக்கல் சான்றிதழ் கொடுத்தால் மறுபடி எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். இல்லையென்றால் அது ‘ரிப்பீட்’. எவ்வளவு நன்றாக எழுதினாலும் C-க்கு மேல் கிடையாது. பதினொரு பேர் மெடிக்கல் கொண்டுவந்தார்கள். பதினொன்றிலும் வயிற்றோட்டம்!

சிவரூபி மட்டும் கவுண்டரில் நின்று கேட்டாள்: “மிஸ், எனக்கு வருத்தம், காய்ச்சல் ஒண்டுமில்லை. இரணைமடுக் குளத்துக் கதவு திறந்து எங்கட முரசுமோட்டையில றோட்டெல்லாம் தண்ணி. என்னெண்டு எழுத?”

உள்ளதை எழுதுங்கோ என்று சொன்னது யார்? நான்தான். பெரிய மகாராணி ஷமீலா. முதல் வகுப்பு எடுக்க வேண்டிய பிள்ளை. இந்த ஒரு C-யோடு அது போச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

கொழும்பிலிருந்து கடிதம் வந்துவிட்டது! புதிய துணைவேந்தர் பேராசிரியர் சிவலட்சுமி. கன்ரீனில் ஒருவர்கூட இந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. இப்போது எல்லாரும் “நான் அப்பவே நினைச்சனான்” என்கிறார்கள்.

பெப்ரவரி 2, திங்கள்

கடமையேற்பு. சுபநேரம் 9.42. பால் காய்ச்சி, கையெழுத்துப் போட்டு, அவா பேசியது நாலே நாலு நிமிடம். கடைசியில் சொன்னா: “ஒவ்வொரு கிளையும் உங்களுக்கே வெக்கமாயிருக்கிற ஒரு விதியை ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

நான் கை தட்டப் போனேன். பக்கத்தில் இருந்த தர்மிளா தொடையில் நுள்ளினாள். நல்ல வேளை.

பெப்ரவரி 3, செவ்வாய்

பரமலிங்கம் சேர் சொன்னார்: “எங்கட கிளையில வெக்கப்பட ஒண்டுமில்லை எண்டு ரைப் பண்ணுங்கோ.”

“சேர், மற்றக் கிளையெல்லாம் குடுக்க நாங்கள் மட்டும் வெறும் பேப்பரோ? புது ஆள் என்ன நினைப்பா?”

மனுசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார். “சரி சரி, எழுதுங்கோ. ஒருத்தரின்ர பேரும் வரக்கூடாது.”

எழுதச் சொல்லிவிட்டார்!

பெப்ரவரி 5, வியாழன்

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். சிவரூபிக்காக எழுதப் போய் அந்தப் பதினொரு பிள்ளைகளையும் மாட்டிவிடக் கூடாது. கடைசியில் இப்படி வந்தது: ‘நோய் மட்டுமல்ல, வெள்ளமும் ஒரு மாணவரைத் தடுக்கும். கிராம அலுவலர் உறுதிப்படுத்தினால் அதையும் ஏற்க வேண்டும்.’ என் கணவர் நாஸிம் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றபடியே வாசித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். பருப்பு அடிப்பிடிச்சது தெரியுமா உனக்கு?” என்றார். தெரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 11, புதன்

துணைவேந்தர் கூப்பிட்டா. என்னை! பரமலிங்கம் சேரை அல்ல!

மேசையில் பன்னிரண்டு கோப்புகளும் இருந்தன. அவா எல்லாவற்றையும் எடுப்பித்துப் பார்த்திருக்கிறா.

“இருங்கோ ஷமீலா. பதினொரு பேருக்கும் ஒரே நாளில வயித்தால போச்சோ?”

“ஓம் மேடம்... வெள்ள நேரம்... கிணத்துத் தண்ணி சரியில்லை...” என்று உளறினேன்.

அவா கதிரையில் சாய்ந்து கண்ணில் நீர் வர வரச் சிரித்தா. “பயப்படாதேங்கோ, நான் ஒருத்தரையும் பிடிக்கப் போறேல்லை. பொய் சொன்னாத்தான் தப்பலாம் எண்டு எங்கட விதியெல்லோ பிள்ளையளுக்குப் படிப்பிச்சிருக்கு.”

இருபத்தாறாம் திகதி பல்கலைக்கழக மூதவைக்கு, அதுதான் செனற்றுக்கு, போகிறதாம். நான் எழுதிய அந்தப் பக்கமேதான்! படியிறங்கி வந்தேனா, பறந்து வந்தேனா தெரியாது.

பெப்ரவரி 12, வியாழன்

சிவரூபிக்குச் சொல்லலாமா? கூடாது, மூதவைக்குப் போகிற விஷயம் வெளியே போகக் கூடாது. யா அல்லாஹ், வாய் அரிக்கிறது.

பெப்ரவரி 26, வியாழன்

நோன்பு. களைப்புத்தான், ஆனாலும் எழுதியே ஆகவேண்டும்.

மூதவையில் பேராசிரியர்மார்தான் பேசலாம். எனக்குப் பேப்பர் பரிமாறுகிற வேலை மட்டும்தான். காது உண்டு, வாய் கிடையாது. விதி வாசிக்கப்பட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. நான் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு பீடாதிபதி சொன்னார்: “நல்ல விசயம். அடுத்த கல்வியாண்டில இருந்து நடைமுறைக்கு வரட்டும்.” எல்லாத் தலையும் ஆடியது.

அடுத்த வருசமோ? அப்ப இந்தப் பிள்ளை? இவ்வளவும் ஆருக்காக?

எழும்பிவிட்டேன். நானாக எழும்பவில்லை, கால் எழும்பிவிட்டது.

“மன்னிக்கோணும். பன்னிரண்டாவது கடிதத்தை அப்பிடி எழுதச் சொன்னது நான்தான். மெடிக்கல் ஒண்டு கொண்டு வாங்கோ எண்டு சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை தப்பியிருக்கும். உண்மையைச் சொல்லச் சொன்னது நான், தண்டனை அதுக்கு.”

பரமலிங்கம் சேரின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

துணைவேந்தர் பேனாவைத் திறந்தா. “இரணைமடுக் கதவு திறந்தது எண்டைக்கு?”

யாரோ திகதி சொன்னார்கள்.

“அண்டையில இருந்து நடைமுறை. ஆருக்கும் மறுப்பு இருக்கோ?”

இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. நாஸிம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு பேப்பர் வந்தன. ஒன்று புதிய விதிக்கான சுற்றறிக்கை. மற்றது எனக்கு இடமாற்றம்: போக்குவரத்துக் கிளை. இரண்டிலும் ஒரே கையெழுத்து: துணைவேந்தர்.

கோபத்தோடு மாடிக்குப் போனேன். அவா இருக்கச் சொன்னா, நான் இருக்கவில்லை.

“ஒரு பிள்ளைக்காக எழும்பி நிண்ட ஆள், அந்தப் பிள்ளையின்ர புள்ளித்தாளைத் தொடக்கூடாது ஷமீலா. நாளைக்கு ஆரும் ஒரு கதை கட்டினா ஆருக்குக் கேடு?”

பதினாலு வருசம் இருந்த மேசை. கழுவுமிடத்தில் நின்று அழுதேன். அவா சொன்னது சரி. சரியாக இருக்கிறபடியால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

மார்ச் 5, வியாழன்

பஸ் ஓட்ட அட்டவணை, டீசல், ரயர். சாரதி சுடலைமுத்து அண்ணன் வரவேற்றார்: “இஞ்ச ஒரு பிள்ளையும் அழுதுகொண்டு வராது மிஸ். பஸ்தான் அழும்.” அழுதது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் சிவரூபி மறுபரீட்சைக்காக மண்டபத்துக்குள் போனதைக் கண்டேன். பகல் வெளியே வந்தாள். எப்பிடி எண்டு கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளித்து நின்றேன், வெட்கங்கெட்ட கழுதை.

ஏப்ரல் 30, வியாழன்

பின்னேரம் மூன்று மணிக்குப் பரீட்சைப் பெறுபேறு ஒட்டினார்கள். சுடலைமுத்து அண்ணன்தான் வந்து சொன்னார். போட்டது போட்டபடி வெயிலில் ஓடினேன்.

பதினாலு வருசமும் ஒட்டியிருக்கிறேன், ஒருநாளும் அதன் முன்னால் நின்று தேடியதில்லை. இன்றைக்குப் பிள்ளைகளோடு பிள்ளையாக இடிபட்டு, எக்கி எக்கிப் பார்த்தேன். சிவரூபியின் பரீட்சைச் சுட்டிலக்கம் எனக்கு மனப்பாடம். விரலை வைத்து வரியோடு போனேன். புள்ளிவிபரவியல்: A. பக்கத்தில் ரிப்பீட் அடையாளம் இல்லை. வரி மாறிவிட்டதோ என்று முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். மாறவில்லை. A!

“மிஸ்?”

திரும்பினால் சிவரூபி. முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்பும்.

“நீங்கள் இப்ப பஸ் பக்கமெல்லோ? இஞ்ச என்ன செய்யிறீங்கள்?”

பஸ் நேர அட்டவணை ஒட்ட வந்தனான் என்று சொன்னேன். கையில் ஒரு பேப்பரும் இல்லை.