நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி

மார்ச் 4, செவ்வாய்

ஐசியூவில் இன்று எனக்கு ஜன்னலோரப் படுக்கை. லாரி டிரைவர், நிமோனியா, வெண்டிலேட்டரில் இருக்கிறார். காலை ஷிஃப்ட் முடித்த என் தோழி நெட்டையிடம் பொறுப்பு வாங்கினேன். படுக்கை கைமாறும்போது மிஷினின் அலாரம் அளவுகளை ஒருத்தி வாசிக்க, மற்றவள் சரிபார்க்க வேண்டும். எங்களுக்குள் அதெல்லாம் கிடையாது. நர்சிங் படித்த காலத்திலிருந்து ஒரே அறை, ஒரே தட்டு. "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிடி, கிளம்பு" என்று அனுப்பிவிட்டேன்.

அதே நாள், வீட்டில்

டிரைவரோட நெஞ்சு ஏறவே இல்ல. குழாய் இணைப்பு தளர்ந்து காத்தெல்லாம் வெளிய போகுது, மிஷின் வாயைத் திறக்கல! மிஷினைக் கழட்டிட்டு, மூச்சுப் பையை அழுத்திக் கையாலயே மூச்சு குடுத்தேன். பிழைச்சுட்டார்.

அப்புறம்தான் பார்த்தேன் — காத்து குறைஞ்சா கத்துற அலாரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வச்சிருக்கு. சளி உறிஞ்சும்போது கத்தித் தொலையுதேன்னு நெட்டை இறக்கியிருப்பா, திரும்ப ஏத்த மறந்துட்டா. நானும் பார்க்காம வாங்கிட்டேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். நாளைக்குச் சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம்.

மார்ச் 5

நல்லா சேர்ந்தா! நான் நுழையும்போதே நெட்டை ஹெட் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் சரியாத்தான் வச்சுக் குடுத்தேன் மேடம். அவதான் தொட்டிருக்கணும். வர வர அவளுக்குக் கவனமே இல்ல." என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

மார்ச் 6

ஐசியூ இனி எனக்கு இல்லை. புறநோயாளிப் பிரிவில் பிரஷர் பார்க்கும் வேலை.

மார்ச் 9

நெட்டையைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். ஏண்டி இப்படிப் பண்ணினே?

"எனக்குப் பிள்ளைங்க இருக்குடி. நீ தனி ஆளு, தாங்கிப்ப."

தாங்கிப்பேனாம்! அடிப்பாவி. முதுகில குத்திட்டு எனக்கே நற்சான்றிதழ் வாசிக்கிறா. இவளையா கூடப் பிறந்தவளா நினைச்சேன்?

மார்ச் 17

டிரைவருக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம். வார்டில் உட்கார்ந்து மனைவியோடு சண்டை போடுகிறாராம். மனசு கொஞ்சம் ஆறியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

ஏப்ரல் 2

நெட்டையின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். வெண்டிலேட்டர் போட்டாச்சு. விடுதிக்கு எனக்கும் சேர்த்துச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்த அம்மா. ஐசியூ கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 3

ஹெட் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அங்கே நெட்டை அழுதுகொண்டிருந்தாள். "அம்மாவை அவகிட்டயே குடுங்க மேடம். வேற யாரும் வேண்டாம்."

"கவனமே இல்லாதவள்னு சொன்னது நீதானேம்மா?" என்றார் ஹெட் சிஸ்டர்.

நெட்டை இன்னும் பெரிதாக அழுதாள். ஹெட் சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "இன்னையிலிருந்து ஐசியூவுக்கே வந்துடு" என்றார்.

போனேன். குழாயைத் தொட்டுப் பார்த்து, அலாரம் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துப் பொறுப்பு வாங்கினேன். அம்மாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. நெட்டை கட்டிலோரம் நின்று என் கையைப் பிடிக்க வந்தாள்.

"உறவுக்காரங்க வெளிய உட்காருங்க" என்றேன்.