கணக்கில் வாங்கிய கப்

வியாழன், இரவு.

மகள் நித்யாவுக்கு இன்று இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. தோழியிடம் போனில், "மேத்ஸ்ல கப்புடி" என்றாள். கல்லூரிப் பிள்ளைகள் பேச்சில் அதற்கு ஃபெயில் என்று அர்த்தம். பக்கத்திலிருந்து அதைக் கேட்ட அவள் அப்பாவுக்கு அது தெரியாது. கடைக்கு ஜரிகை வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு கணக்குல கப் வாங்கியிருக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது அவளிடமே கேட்டார். "கப்பு எப்பம்மா கையில குடுப்பாங்க?"

"ஆண்டு விழாவுலப்பா" என்றாள் சிரித்துக்கொண்டே. கொஞ்சமும் தடுமாறவில்லை.

காலையில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு பாடம்தானே, மறுபடி எழுதித் தேறிவிடுவாள். என்னைத் தூங்கவிடாதது அந்தச் சிரிப்புதான். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் "பாடமெல்லாம் புரியுதா?" என்று நான் கேட்டபோதெல்லாம் அப்படியே சிரித்துத்தான் "புரியுதும்மா" என்றாள். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.