தப்பை ஆசிரியர்தான் நடிக்க வேண்டும்

ஜூன் 14

அன்புள்ள தந்திக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் 'நடைபாதையில் ஓடக்கூடாது' என்ற விதியை முதன்முதலாக மீறிய ஆள் நான்தான். எழுதிய மை காயவில்லை. டீ ஆறிவிடுமே என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி, திருப்பத்தில் தலைமையாசிரியை அம்மாவின் மேல் மோதி, அவர் வைத்திருந்த விதிகள் கோப்பின் மேலேயே மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் விதிப் பலகையின் ஓரத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு டம்ளர் படமும் போட்டிருக்கிறார்கள். டம்ளர் என்னைவிட லட்சணமாக வந்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், கணக்கு வாத்தியாரான என் தலையில் 'மரியாதையும் பாதுகாப்பும்' என்று ஒரு புதுப் பாடவேளையைக் கட்டிவிட்டார்கள். விதிகளை நாங்கள் எழுதக்கூடாதாம், பிள்ளைகளே சொல்ல வேண்டுமாம். 'மரியாதைன்னா என்ன?' என்று கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். "சாப்பாட்டு வரிசையில மரியாதை இருந்தா கண்ணுக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேக்கும்?" வாயே திறக்காத மூன்றாம் வரிசைப் பெண் ஒருத்தி ஒரு சீட்டு எழுதி நீட்டினாள். 'பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்காது.' பிரமாதம் என்று சுவரில் ஒட்டிவிட்டேன்.

நம்முடைய ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் தட்டித் தட்டி நீ பேசியதற்கு, தந்தி என்பதைவிடப் பொருத்தமான பெயரை வேறு எவன் வைத்திருப்பான்? நாற்பது வருஷமாக நிலைத்து நிற்கும் என் ஒரே படைப்பு அது.

ஒரு புகார். ஊரே போனில் பேசிக்கொண்டிருக்க, உனக்காக மட்டும் நான் தபால்தலை நக்கிக்கொண்டிருக்கிறேன். கஞ்சப் பயலே, ஒரு போன் வாங்கினால் என்ன?

என்றும் உன்,
வாத்தியார்


ஜூன் 25

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி லேபில், ரத்தக் குழாய்களுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். டம்ளர் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஊசிக்குக் கை நீட்டியிருந்த பெரியவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார்.

மகளுக்கு ஆகஸ்ட் 24 கல்யாணம். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். "நம்ம வீட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்காரு" என்கிறாள் என் மனைவி.

அந்தச் சீட்டுப் பெண்ணைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் வாயால் சொன்னபோது அவள் மட்டும் ஏன் எழுதிக் கொடுத்தாள்? விசாரித்தாயா?

இன்னொன்று. நீ உறையின் மேலும் அந்தப் பெயரையே எழுதுகிறாய். தபால்காரர் "தந்தி சார் யாரு, தந்தி சார்?" என்று நோயாளிகள் வரிசை முழுக்கக் கூவிக்கொண்டே வருகிறார். உறையிலாவது என் பெயரை எழுதேன்.

உன் நண்பன்


ஜூலை 8

அன்புள்ள தந்திக்கு,

(உறையிலும் அதேதான். தபால்காரரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?)

இப்போது பயிற்சிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். விதியைச் சொன்னால் போதாது, நடித்துப் பழக வேண்டும். அதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை: தப்பான நடத்தையை ஆசிரியர்தான் நடித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் சரியானதை மட்டும் நடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் தப்பு செய்து பழகிவிடக்கூடாது, தலைகுனியவும் கூடாது என்று. இருபத்தாறு வருஷ சர்வீஸில் எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி ஒரு வேலை! வரிசையில் இடித்தேன், படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கினேன். பேன்ட் கிழிந்தது. வீட்டில் மனைவி ஊசியைக் கையில் கொடுத்து, "மரியாதையா நீங்களே தைங்க" என்றுவிட்டாள்.

நேற்று, 'ஒருத்தர் பேசும்போது கேலி செய்யக்கூடாது' என்ற விதி. பேசுகிறவனும் நானே, கேலி செய்கிறவனும் நானே. பேசுகிறவனுக்கு யாரை எடுத்துக்கொள்வது? உன்னைத்தான். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் சார் மூன்று பேரைத் தாண்டிப் போயிருப்பாரே, அந்தக் காட்சி. 'இவன் என் பழைய சிநேகிதன்' என்று சொல்லிவிட்டு, 'உ' என்ற எழுத்திலேயே அரை நிமிஷம் நின்றேன். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. வகுப்பு உருண்டு புரண்டது. பக்கத்து அறை வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வரிசைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒரு சீட்டு. 'அவர் சிரித்தாரா?' எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுச் சொன்னேன்: "எங்க எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சது அவன்தாம்மா!"

இன்று வருகைப் பதிவுக்கு அவள் கையை மட்டும் தூக்குகிறாள். "மகாராணி வாயைத் திறக்க மாட்டாங்களோ?" என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

உன் புகழைப் பரப்பும்,
வாத்தியார்


ஜூலை 17

அன்புள்ள வாத்தியாருக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பேனாவுக்குத் திக்காது என்பதால்தான் உனக்கு நாற்பது வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன். கஞ்சத்தனத்தினால் இல்லை. போன் மணி அடித்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். இது உனக்குத் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உன் அம்மா இறந்த அன்று காலையில் நீ லேபுக்குப் போன் செய்தாய். எடுத்தது நான்தான். "அம்மா போயிட்டாங்கடா" என்றாய். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன், முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். "லைன் செத்துப்போச்சு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தேன். "தந்தி நேர்லயே வந்துடுச்சு!" என்று அழுகைக்கு நடுவிலும் சொன்னாய். அன்றைக்கு உனக்கு ஒரு சிரிப்பு தேவைப்பட்டது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் நான் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பினேன். அப்படிச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

என்னை விடு. அந்தப் பெண்ணுக்கும் திக்கும். அவள் குரலை நீ கேட்டதே இல்லை என்பதால் உனக்குத் தெரியவில்லை. சிரித்தாரா என்று அவள் கேட்டது என்னைப் பற்றி இல்லையடா. தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். சிரிக்க வேண்டும் என்று நீ பதில் சொல்லியிருக்கிறாய்.

வகுப்பில் போய் உண்மையைச் சொல். அவன் சிரிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் நண்பன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள நண்பனுக்கு,

நீ சொன்னது சரி. அவளுக்குத் திக்கும். பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்டேன். "சாருக்கு மட்டுந்தான் சார் தெரியாது" என்றாள்.

ஆனால் நான் தாமதித்துவிட்டேன். திங்கட்கிழமை அவள் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார். லாரி ஓட்டுகிறவர். என்னைத் தாண்டித்தான் போனார், வணக்கம்கூடச் சொன்னார். விண்ணப்பத்தில் காரணம் 'வீட்டிலிருந்து தூரம்'. எங்கள் பள்ளிக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு.

இருந்தாலும் புதன்கிழமை சொன்னேன். மூன்றாம் வரிசையில் அந்த இருக்கை காலியாக இருந்தது. நாற்காலியில் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் வைத்த பெயரையும், போனையும், நீ எழுப்பிய அந்தச் சத்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பிறகு ஒரு புது விதி சேர்த்தார்கள்: ஒருத்தர் வார்த்தைக்காகத் தவிக்கும்போது மற்றவர்கள் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பழகியும் பார்த்தோம். நானும் எண்ணினேன்.

மன்னித்துவிடு. உறையில் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

வாத்தியார்


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு யாருக்கோ என்று நினைத்து நான் போகவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஒரு அறை முழுக்க எனக்காக அமைதியாக இருந்ததாக எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

பத்திரிகை இதோடு இருக்கிறது. கல்யாணத்தில் வந்தவர்களுக்கு மைக்கில் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டுமாம், மகளின் ஆசை. "நீங்கதாம்ப்பா சொல்லணும், சித்தப்பா சொன்னா ஒத்துக்க மாட்டேன்" என்கிறாள். சொல்லப் போகிறேன். நீ முதல் வரிசையில் இரு. நான் நின்றுவிட்டால் பத்து எண்ணு. அந்தப் பழக்கம் உன்னிடம்தானே இருக்கிறது.

போனும் வாங்கிவிட்டேன். எண் கீழே. நீ பண்ணினால் எடுப்பேன். குரல் வரக் கொஞ்சம் நேரமாகும், வைத்துவிடாதே.

உன் நண்பன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள நண்பனுக்கு,

கல்யாணத்துக்கு வராததற்குக் காய்ச்சல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காய்ச்சல் இல்லை. உன் எண்ணை ஒவ்வொரு நாளும் கடைசி இலக்கம் வரை அழுத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இருபத்துநாலாம் தேதி காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தேன். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. வீட்டில் வந்து, "பஸ்ஸே வரலை" என்றேன். "கண்டக்டரே கூப்பிட்டிருப்பாரு, நீங்கதான் ஏறலை" என்றாள் மனைவி. இவளிடம் மட்டும் என்னால் பொய் சொல்ல முடிந்ததே இல்லை.

எப்படி வருவேன்? முதல் வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தாய்.

உனக்கு எழுதியபடிதான் ஆரம்பித்தேன், அது நிஜம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெயர் வைத்ததைச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. உனக்குத் தெரியாது, அமைதியான வகுப்பு என்றால் எனக்கு மூச்சு முட்டும். இருபத்தாறு வருஷமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு வாங்காமல் நான் பாடம் நடத்தியதில்லை. போன் கதைக்கு வந்தேன். "பாவம், என் பேரைச் சொல்ல முடியாம அப்படியே நின்னுட்டான்" என்று சொன்னேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வாய் தானாகவே செய்து காட்டிவிட்டது. கழுத்து நரம்பு, மூடிய கண், எல்லாம். கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து எண்ணும் விதியைப் பிள்ளைகள் சேர்க்கவில்லை. உனக்குக் கடிதம் எழுதும்போது நான் சேர்த்தது. படிக்க நன்றாக இருந்தது.

அந்தப் பாடவேளையை இனி ஓவிய டீச்சர் பார்த்துக்கொள்வார்கள். நானே கேட்டு விலகிக்கொண்டேன். அவள் எழுதிய முதல் சீட்டு சுவரில் அப்படியே இருக்கிறது, கழற்றக் கை வரவில்லை.

மைக்கில் பேசினாயா? யார் எண்ணினார்கள்?

பதில் போட வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் பாக்கி. மூன்றாம் வரிசை இருக்கை காலியாக இருந்தது என்று எழுதியிருந்தேன். கிழமையை மாற்றி எழுதிவிட்டேன். நான் அதைச் சொன்னது வெள்ளிக்கிழமை. அவள் அப்பா வந்தது அதற்கு அடுத்த திங்கள்.

வாத்தியார்