நான் கத்திய "நே"

என் செல்ல மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முட்டிவலி தேவலை, இரண்டு ஆடும் குட்டி போட்டிருக்கின்றன. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவை ஏம்மா கிரீஸிலேயே புதைச்சிட்டு வந்தேன்னு நீ அழுதாயே, உண்மைக் காரணம் எனக்கே அப்போது தெரியாது. அன்று உன் சித்தப்பா மெத்தோடி, அவனும் அப்பாவும் வேலை செய்த ஆலிவ் தோட்டத்திலிருந்து போன் செய்து, அண்ணி, அண்ணன் போயிட்டாரு, இங்கேயே அடக்கம் பண்ணிடலாமான்னு முதலாளி கேக்குறாருன்னு சொன்னான். நான் நே, நே, நேன்னு கத்தினேன், நம்ம பாஷையில வேண்டாம் வேண்டாம்னு. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் குழி மூடிக் கிடக்கிறது. முதலாளி பிடிவாதமா இருந்துட்டாரு அண்ணின்னான். நம்பினேன் கண்ணு, அந்த மனிதனைத் தினமும் சபித்தேன்.

போன வாரம் கல்லறைக்குப் போயிருந்தேன். முதலாளி பாண்டெலிஸ் பூவோடு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அங்கே காய் பறிக்கிற நம்ம ஊர் ஸ்லாதினாவை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போய், நீங்கதானேம்மா போன்ல நே நேன்னு அழுதீங்க, பக்கத்துல நின்னு என் காதால கேட்டேனேன்னார். ஸ்லாதினா தலையில் அடித்துக்கொண்டாள். அவங்க பாஷையில நேன்னா ஆமாவாம்டி! உன் ஊரில் பேச்சுக்குப் பேச்சு நேன்னு முடித்தால் இல்லையான்னு கேட்பதாக நீ சொல்வாயே, அது வேறு. சத்தம் ஒன்றுதான், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். விஷயம் புரிந்ததும் பாண்டெலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்.

பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை செய்த மெத்தோடிக்கு இது தெரியாதா? நேராகவே கேட்டேன். எல்லையில பொணத்தோட அலைய முடியாது அண்ணி, நீங்க சொன்னதை அவரு கேட்டுக்கிட்டாரு, நான் எங்க பொய் சொன்னேன்னு தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். நான் வாக்கப்பட்டு வந்தபோது பள்ளிக்கூடப் பையன் அவன், என் கையால் தின்று வளர்ந்தவன். நேற்று ஒரு வண்டி விறகு கொண்டுவந்து கேட்டோரம் இறக்கிவிட்டு அண்ணி அண்ணின்னு கூப்பிட்டான். நான் எழுந்திருக்கவில்லை. விறகு மழையில் நனைகிறது, நனையட்டும்.

புதைத்து மூன்று வருஷம் போனால் எலும்பை எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கமாம், பாண்டெலிஸே கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ மறக்காமல் லீவு போட்டு வா. சின்னப் பெட்டிதான், நாம் இரண்டு பேருமே தூக்கலாம். மெத்தோடி கை அதில் படக்கூடாது.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல் இருக்கணும்.

உன் அம்மா,
ஸ்தோயனா