ஒரு காதைப் பொத்திக்கொண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

மதுரையிலிருந்து செலின் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்திலுள்ள மாதா கோயிலில் சின்னதாகப் பாடகர் குழு ஆரம்பித்து, சமையல்காரியான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மேலே பாடும்போது நான் கீழ்க்குரலில் வேறு மெட்டுப் பாட வேண்டும். பாதியிலேயே அவர்கள் மெட்டுக்குப் போய்விடுகிறேன்.

"அக்கா, மறுபடி அங்கிட்டுப் போயிட்டீங்க. ஒரு காதைப் பொத்திக்கிட்டுப் பாடுங்க" என்றார் பாட்டுச் சொல்லித்தரும் கிளாரா டீச்சர்.

"ரெண்டையும் பொத்திறாதீங்க, பாட்டு முடிஞ்சதுகூடத் தெரியாது!" என்று பக்கத்தில் நின்ற புஷ்பராணி சிரித்தாள்.

பொத்தியதும் என் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. உங்கள் மருமகனை அடக்கம் செய்த அன்று கத்திய அதே குரல். அப்படியே நின்றுவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்றேன், சுடுதண்ணீர் கொடுத்தார்கள். வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

மாதக் கடைசி ஞாயிறு பூசையில் பாட வேண்டும். அங்கேயும் நின்றுவிடுவேனோ என்று, பாத்திரம் கழுவும்போதும் அந்த மெட்டையே முணுமுணுக்கிறேன். அவருக்கு வருசம் திரும்பவில்லை, அதற்குள் பாட்டா என்று ஊரில் கேட்பார்களோ?

எல்லாரும் நீலச் சேலை கட்ட வேண்டுமாம். அவர் போனபின் நான் மடித்து வைத்த சேலை அங்கே பெட்டியில் இருக்கிறது. நான் பாடலாம் என்றால் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள், நான் புரிந்துகொள்வேன்.

உலை கொதிக்கிறது, போகிறேன்.

செலின்