வெடி நேரத்தில் எடுத்த படம்

என் ஆசை அக்கா,

நீங்கள் போய் நாலு வருடமாகிறது. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால், ஏதோ அலுவல் இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அலுவல் இல்லாமல் நான் உங்களைத் தேடி வந்ததில்லை என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

முதலில் ஊர்ப் புதினம். நாங்கள் இன்னும் உடுவிலில்தான் இருக்கிறோம், நீங்கள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்து கண்மூடிய அதே பின்னறையில். ஊருக்குள் போக ஆமி இன்னும் விடவில்லை. சீமெந்து ஆலை நின்றது நின்றதுதான். ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய கிடங்கில் இப்போது மழைத்தண்ணீர் நிறைந்து, தாமரை பூத்துக் கிடக்கிறதாம். கந்தையா அண்ணை சொல்கிறார். அவரும் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் பார்த்த ஆளைப் போலச் சொல்லுவார். உங்கள் மகள் சுகந்திக்குப் பன்னிரண்டு வயதாகிறது. உங்களைப் போலவே கறிவேப்பிலையைப் பொறுக்கிச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் அடுக்கி வைக்கிறாள்.

அலுவல் அவளைப் பற்றியதுதான். போன மாரியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சீருடையோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

“சின்னம்மா, அம்மாவின்ரை முகம் எனக்கு மறந்து போகுது. குரல் ஞாபகம் இருக்கு. முகம்தான் வருகுதில்லை.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்து ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் அதை ஒரு கணக்குப் பிழைத்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

உங்கள் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை அக்கா. ஷெல்லடிக்குள் ஓடி வந்த அன்று அல்பம் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை மட்டும் கொண்டு வந்தோமே, அந்தத் திறப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டையை இறப்புப் பதிவோடு கொடுத்துவிட்டோம். அதில் இருந்த முகத்தைக் கழற்றி எடுத்து வைக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதனால் வீடு வீடாகப் போனேன். எங்கள் கிடங்கடி ஆட்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் சொந்தக்காரரின் விறாந்தைகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். பிஸ்கட் தகரத்துக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் எல்லாரும் ஒன்றிரண்டு படம் வைத்திருந்தார்கள். கிடங்கு வேலைக்காரர்கள் லொறிக்கு முன்னால் நிற்கும் படமொன்று. இருபத்தைந்து வயதுக் கந்தையா அண்ணைக்குத் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. “தூசி. நான் அப்ப நல்ல வடிவு,” என்றார். அவருடைய மனைவி படத்தை வாங்கித் தகரத்துக்குள் வைத்தார்.

ஏழெட்டுக் கலியாணப் படங்கள் பார்த்தேன். அத்தான் மஞ்சள்காமாலையில் செத்து, நீங்கள் விதவையான பிறகு நடந்த கலியாணங்கள். ஒன்றிலும் நீங்கள் இல்லை. கந்தையா அண்ணையின் மகள் தன் படத்தைக் காட்டி, “என்ரை சட்டை அவ தைச்சது. பலகாரமும் அவதான் சுட்டவ. படம் எடுக்கேக்கை மட்டும் பின்னுக்குப் போயிடுவா,” என்றாள்.

நீங்களாகவா போனீர்கள்? எல்லா வீட்டிலும் நீங்களாகவேதான் போனீர்களா?

என் கலியாணத்தில் நடந்தது எனக்குத் தெரியும். படக்காரர் எல்லாரையும் மணவறைக்கு முன்னால் கூப்பிட்டபோது நான் திரும்பி, “அக்கா, நீங்கள் கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. மாமி ஆக்கள் என்ன நினைப்பினமோ,” என்றேன். என் கூறைச் சேலையின் மடிப்பை நீங்கள் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தீர்கள். “ஓம் தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனீர்கள். அவ்வளவுதான் நடந்தது. மூன்று மாத விதவையிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் செல்லவில்லை.

கடைசியில் பருத்தித்துறைக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போனேன். டீசல் வர விடாததால் மண்ணெண்ணெயில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டு போய் இறங்கி விசயத்தைச் சொன்னேன். மாமி உள்ளே போய் ஒரு கடித உறையோடு வந்தார். அதற்குள் என் கலியாணப் படம் ஒன்று இருந்தது.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். கிடங்கில் கல் உடைக்க வைக்கும் வெடிக்கு முன் ஊதும் ஆலைச் சங்கை மாப்பிள்ளை பகுதி சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்தார்கள். எங்கள் பகுதியில் ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. நாளாந்தம் கேட்கிற சங்கை யார் போய் விளங்கப்படுத்துவது? கிடங்கில் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, கடைசி வெடியோடு படக்காரரும் கமராவை அமத்திவிட்டார். படத்தில் ஒரு பாதி ஆட்கள் சிரித்தபடி அசையாமல் நிற்கிறார்கள். மறுபாதி குனிந்து, காதைப் பொத்தி, ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் மாமனார் வாயைப் பிளந்துகொண்டு கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். மாமி எனக்குத் தெரியாமல் படக்காரரிடம் ஒரு பிரதி வாங்கியிருக்கிறார்; அவர் செத்தபிறகு, அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் அந்தப் படத்தை வைத்திருந்தாராம்.

ஒரு வயதுச் சுகந்தி முன்வரிசையில் எங்கள் பெரியம்மாவின் மடியில் இருந்தவள். வெடிக்கு அழாத பிள்ளை, மாப்பிள்ளை பகுதி போட்ட கூச்சலுக்கு வீரிட்டாள். நீங்கள் வாசல் பக்கமிருந்து ஓடி வந்து அவளைத் தூக்கினீர்கள். அதனால் நீங்கள் படத்தில் இருக்கிறீர்கள் அக்கா, பிள்ளை இடுப்பில், மாமனாரைப் பார்த்து அடக்க முடியாத சிரிப்போடு. முகம் தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் மாலையோடு நிற்கும் நான் வெடிப் பக்கமும் பார்க்கவில்லை, கமராவையும் பார்க்கவில்லை. உங்களை முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கெட்டுப்போன படம் என்று சொல்லித்தான் அதை அல்பத்தில் ஒட்டாமல் விட்டேன். உண்மைக் காரணம் வேறு. மாமி கண்டால் குறை சொல்லுவா என்று பயந்தேன். பதினொரு வருடமாக மனதுக்குள் பழியை மாமியின் தலையிலேயே போட்டு வைத்திருந்தேன். அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

“அக்கா படத்துக்குள்ளை வந்ததுக்கு நீங்கள் கோவிக்கேல்லையோ, மாமி?”

“நானேன் கோவிக்கிறன்? பிள்ளை அழுதது, தாய் ஓடி வந்தா. உதிலை கோவிக்க என்ன கிடக்கு?”

மாமி தந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். படத்தை நேரே பிள்ளையிடம் கொடுக்காமல் மருதனார்மடத்தடியில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். பிரதி எடுக்கப் பிலிமும் இல்லை, கடதாசியும் இல்லை என்றார் ஸ்ரூடியோக்காரர். “தாயையும் பிள்ளையையும் மட்டும் வெட்டி எடுத்துப் பிரேம் போடலாம். பக்கத்திலை நிக்கிற பொம்பிளை முறைச்சுக்கொண்டு நிக்கிறா. அவ இல்லாட்டி நல்லாயிருக்கும்,” என்றார். அந்தப் பொம்பிளை நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. “ஓம், வெட்டுங்கோ,” என்றேன்.

அவர் பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றைக்கு உங்களைப் படத்திலிருந்து ஒதுக்கியவள் நான். இன்றைக்கு உங்கள் பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்க என்னை ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறவளும் நான். “வேண்டாம் அண்ணை, தாங்கோ,” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோடு இன்னும் படத்தில் இருக்கிறது.

முந்தநாள் பின்னேரம் கொடுத்தேன். சுகந்தி முற்றத்துக்கு வெளிச்சத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். உங்கள் கன்னத்தை விரலால் தொட்டாள். “இதுதான், இதுதான்,” என்றாள். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது.

“நீங்கள் ஏன் சின்னம்மா அம்மாவைக் கோவமாப் பாக்கிறியள்?”

ஒன்றும் விடாமல் சொன்னேன். அங்காலை நில்லுங்கோ என்று சொன்னதை, அல்பத்தில் ஒட்டாததை, பென்சில் கோட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“நீங்கள் போகச் சொன்னாப்போலை அம்மா அழுதவவோ?”

எனக்குத் தெரியவில்லை அக்கா. நீங்கள் எழும்பிப் போனபோது நான் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “தெரியாது, நான் பாக்கேல்லை,” என்றுதான் சொன்னேன். அதிலிருந்து சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே இருந்து சாப்பிடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அழுதீர்களா அக்கா?

அவளிடம் மன்னிப்புக் கேட்டு அவசரப்படுத்த மாட்டேன். அவள் கதைக்கும்போது கதைக்கட்டும். அவளுக்குக் கலியாணம் நடக்கும் நாளில் எத்தனை விதவைகள் வந்தாலும், படக்காரர் கூப்பிடும்போது அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதற்குப் பிறகுதான், இடம் இருந்தால், நான் நிற்பேன்.

இப்படிக்கு,
அன்றைக்குத் திரும்பிப் பார்க்காத
உங்கள் தங்கச்சி
யோகா